தேயிலைப் பெட்டியில் இருக்கிற பெண்ணின் கை

கொழும்பில் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் தேயிலை அடுக்கில் ஒரு மலையகப் பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். இந்த நாட்டில் தமிழ்ப் பெண் என்றால் அதிகம் அச்சாகிற முகம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பெட்டி, லேபிள் டிசைன் செய்கிறவள். அம்மா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அதனால் இப்படியான படம் வந்தால் என் கண் முதலில் கைக்குத்தான் போகும்.

படத்துப் பெண் இரண்டு விரல் நுனியால் ஒரே ஒரு கொழுந்தை, பூவைத் தொடுகிற மாதிரித் தொட்டுக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓடும். கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலால் கூடைக்குள் போய் விழும், கண் செடியை விட்டு எடுபடாது. விரல் இடுக்கில் கறுத்துப் போயிருக்கும் கறை தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இடுப்பைச் சுற்றிப் படங்கு என்கிற முரட்டுத் துணி, காலில் அட்டைக் கடி. பதினெட்டு கிலோவோ என்னவோ, தோட்டம் சொன்ன கணக்கு நிறுவையில் வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். அந்தக் கையால் எதையும் வருடிக்கொண்டிருக்க நேரம் ஏது?

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1970களில் விளம்பரப் படங்களை ஆராய்ந்து இதையே எழுதியிருக்கிறார்: விளம்பரத்தில் பெண்ணின் கை பொருளை இறுக்கிப் பிடிக்காது, சும்மா தொடும், தடவும். அவர் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்க விளம்பரங்கள். நம் தேயிலைப் பெட்டிக்கும் அச்சொட்டாகப் பொருந்துகிறது.

ஆண் எங்கே என்றால், எனக்கு வருகிற படங்களில் வெள்ளைக் கோட் போட்டு, கையில் கரண்டியோடு ருசி பார்க்கிறார். கொழும்பில் 1883இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. பழைய ஏலப் படங்களில் வரிசை வரிசையாக ஆண்கள்தான். பறிக்க அவள், விலை சொல்ல இவர். கரண்டியை மட்டும் நன்றாகவே இறுக்கிப் பிடித்திருப்பார்கள்!

அண்மையில் ஒரு கம்பனிக்குப் படங்கு கட்டின, கை கறுத்த ஒரு அக்காவின் படத்தை வைத்து டிசைன் அனுப்பினேன். அவர் கமராவைப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. உடனே கோல் வந்தது.

"மிஸ், கை கொஞ்சம் அழுக்கா இருக்கே. க்ளீன் பண்ணலாமா?"

"அழுக்கில்ல சேர், கொழுந்துக் கறை. நீங்க விக்கிற சாமான்தான் அது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மீட்டிங், இன்னொரு மீட்டிங். சிரிக்கிற படம் இல்லையா என்று வேறு கேட்டார்கள். கடைசியில் கை தப்பிவிட்டது. படங்கைத்தான் வெட்டினார்கள், இடுப்புக்கு மேலே மட்டும் போதுமாம்.