கொட்டேஷனில் 1,20,000. அப்புறம் நடந்தது

பேரணாம்பட்டுப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு லெதர் யூனிட். பெல்ட், பர்ஸ், கொஞ்சம் லேப்டாப் பை. அப்பா ஆரம்பித்தது, இப்போது பாதிப் பொறுப்பு என்னிடம். சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் தோல் கண்காட்சியில் ஸ்டால் போடுவதாக முடிவு செய்தபோது, ஸ்டால் டிவியில் ஓட ஒரு நல்ல வீடியோ வேண்டும் என்று பேச்சு வந்தது.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்றார் அப்பா. இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் 30,000 கொடுத்து எடுத்தது. பர்ஸ் மெதுவாகச் சுழலும், பின்னால் சினிமாப் பாட்டு. யூடியூபில் ஏற்றிய அன்றே பாட்டுக்குப் பதிப்புரிமைக் க்ளெயிம் வந்தது. அதையும் தாண்டி ஒரு வாங்குபவருக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு. உங்ககிட்ட எத்தனை மெஷின் இருக்கு?" என்று கேட்டார். அந்த வீடியோ சொல்லியிருக்க வேண்டியதே அதுதான்.

இந்த முறை மூன்று இடத்தில் விலை கேட்டேன். குடியாத்தத்தில் ஒருவர், ஒரு நாள் ஷூட்டிங்கும் எடிட்டிங்கும் சேர்த்து 35,000. வேலூரில் ஒரு சின்ன டீம், 1,20,000. சென்னையில் ஒரு நிறுவனம், 4,80,000. ஒரே வேலைக்கு இப்படி ஒரு வித்தியாசமா என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் பேசிப் பார்த்ததில் புரிந்தது, அது ஒரே வேலையே இல்லை. சென்னைக்காரர்கள் 11 பேரோடு வருவதாக இருந்தார்கள். குடியாத்தத்துக்காரர் தனியாக வந்து, லைட் இல்லாமல், இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பார். "ஒரு வீடியோ எடுக்கணும், எவ்வளவு ஆகும்?" என்று நான் கேட்ட கேள்வியிலேயே கோளாறு.

வேலூர் டீமிடம் மொத்தத் தொகையைப் பிரித்துத் தரச் சொன்னேன். ஸ்கிரிப்டும் திட்டமிடலும் 15,000. கேமரா, ஆட்களோடு நாளுக்கு 22,000, இரண்டு நாள். லைட்டும் லைட்மேனும் நாளுக்கு 8,000. எடிட்டிங்கும் கலர் சரிசெய்வதும் 30,000. தமிழிலும் ஆங்கிலத்திலும் குரல் கொடுக்க 8,000. லைசென்ஸ் உள்ள பின்னணி இசை 2,000. ட்ரோன் 5,000. இப்படிப் பிரித்துக் கேட்டால் சங்கடப்படுவார்களோ என்று தயங்கினேன். அவர்கள் சங்கடப்படவில்லை, அதனாலேயே அவர்களைப் பிடித்துப்போனது.

முதலில் ட்ரோனை வெட்டினோம். மேலேயிருந்து பார்த்தால் எங்கள் யூனிட் ஒரு ஷீட் கூரை, அவ்வளவுதான். ட்ரோன் எடை 250 கிராமுக்கு மேல் இருந்து, அதைத் தொழிலுக்காகப் பறக்கவிட்டால், ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆரம்பக் காட்சியாக வேலூர்க் கோட்டையை வைக்கலாம் என்று கேமராமேன் ஆசைப்பட்டார். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். "கோட்டைக்கும் நம்ம பெல்ட்டுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார் அப்பா. சரி, அதுவும் போயிற்று. ஆக 1,15,000.

இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பதிவு வைத்திருக்கும் நமக்கு அது, நாம் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரியாகக் கழிந்துவிடும் என்பதால், கொட்டேஷன்களை ஒப்பிடும்போது வரியை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பதுதான் சரி. ஆனால் முதலில் கையை விட்டுப் போகும் பணம் அது. அந்த மாதம் தோல் வாங்க வைத்திருந்ததிலிருந்துதான் எடுத்தேன்.

நவம்பரில் ஷூட்டிங். முதல் நாள் காலை லைட் எல்லாம் அமைத்துவிட்டு, ஸ்டிச்சிங் லைனில் ஒரு அக்காவை மட்டும் தைக்கச் சொல்லி, மற்ற மெஷின்களை நிறுத்தச் சொன்னார்கள், சத்தம் ஆகாது என்று. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நாங்க பீஸ் கணக்குல வேலை பாக்குறோம். சும்மா நிக்கிற நேரத்துக்கு யாரு குடுப்பா?" எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கேமராவுக்கு நாள் வாடகை, லைட்டுக்கு நாள் வாடகை, எல்லாம் தாளில் இருக்கிறது. நின்றுபோன லைனுக்கு ஒரு வரி இல்லை. அன்று மதியமே சூப்பர்வைசரோடு உட்கார்ந்து, அவரவர் வழக்கமாக ஒரு நாளில் எடுக்கும் பீஸை வைத்துக் கணக்குப் போட்டோம். இரண்டு நாளுக்கும் சேர்த்து 15,600. டெலிவரி இரண்டு நாள் தள்ளிப்போனதற்கு ரூபாய்க் கணக்கு போட மனசு வரவில்லை.

இன்னொரு விஷயம், ட்யூப் லைட். கேமராவின் சின்னத் திரையில் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக ஓடியது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை நொடியில் நூறில் ஒரு பங்குக்கு மாற்றினால் நின்றுவிடும் என்றார் கேமராமேன். மாற்றினார், நின்றது. கட்டிங் டேபிளுக்கு மேலே நான் சிக்கனமாக வாங்கிப் போட்ட இரண்டு எல்இடி ட்யூப் மட்டும் எதற்கும் அடங்கவில்லை. கழற்றிவிட்டு அவர்கள் லைட்டைக் கட்டினார்கள். முன்கூட்டியே ஒரு தடவை வந்து இடத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சம். வரட்டுமா என்று அவர்களும் கேட்டார்கள், போக்குவரத்துச் செலவை நினைத்து நான்தான் வேண்டாம் என்றேன்.

இரண்டாம் நாள் மழை. ஷீட் கூரையில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, அப்பாவின் பேட்டியை எங்கே எடுப்பது? மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் இன்னும் அரை நாள் வாடகை ஏறும். கடைசியில் தோல் குடோன் ஞாபகம் வந்தது. மேலே கான்கிரீட், சுற்றிலும் ஃபினிஷ் செய்த தோல் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் ஒலி அப்படியே அடங்கியது. சவுண்ட் பார்க்கும் பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரித்தான். அப்பா வியர்த்து வழிந்தாலும், பேட்டி ஒரே டேக்கில் முடிந்தது.

சாப்பாடு, வண்டி, ஒரு ராத்திரி குடியாத்தத்தில் ரூம், எல்லாம் நம் செலவு என்று கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஆம்பூர் பிரியாணி உட்பட 11,400. சுவருக்கு வெள்ளை அடித்ததும் எல்லாருக்கும் புது ஏப்ரன் தைத்ததும் 9,200.

எடிட்டிங்கில்தான் என் வாயால் கெட்டேன். இரண்டு கரெக்‌ஷன் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4,000. நான் பார்த்து ஒன்று சொன்னேன், அப்பா பார்த்து ஒன்று, வெளியூரிலிருந்து மாமா வாட்ஸ்அப்பில் பார்த்து ஒன்று. நான்காவது, ஏற்றுமதியில் இருக்கும் ஒரு நண்பர் சொன்னது: "கண்காட்சி ஹால்ல இருக்கிற இரைச்சல்ல உன் டிவி சத்தம் யாருக்குடா கேக்கும்? எல்லாத்தையும் எழுத்தா போடு." அவர் சொன்னது உண்மை. குரலுக்குக் கொடுத்த 8,000 ஸ்டாலில் வாயைத் திறக்கவே இல்லை. எத்தனை மெஷின், மாதம் எத்தனை பீஸ், என்னென்ன தோல் என்பதைத் திரையில் எழுத்தாகப் போட்டோம். ஐந்தாவது, அதில் இருந்த எழுத்துப்பிழை. மூன்று கூடுதல் கரெக்‌ஷனுக்கு 12,000. எல்லாருடைய கருத்தையும் ஒரே தாளில் எழுதி ஒரே தடவையாகக் கொடுத்திருந்தால் இரண்டோடு முடிந்திருக்கும்.

ரீல்ஸுக்காக நிமிர்ந்த வடிவில் மூன்று துண்டு, 9,000. அதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் ஷூட்டிங்கின்போதே அதற்கேற்ற ஃப்ரேம் வைத்துக் குறைத்துத் தந்திருப்போம் என்றார்கள். எடுத்த காட்சிகள் முழுவதையும் வாங்கி வைக்க ஹார்டு டிஸ்க் 6,500. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் முதல் உரிமை என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் உரிமை வேறு, ஃபைல் கையில் வருவது வேறு. அதனால் 40, 40, 20 என்று மூன்று தவணையாகப் பேசி, கடைசி 20 சதவீதம் டிஸ்க் கைக்கு வந்த பிறகுதான் என்று எழுதி வாங்கியிருந்தேன். நான் உருப்படியாகச் செய்த ஒரே பேரம் அது.

கூட்டிப் பார்த்தால், 1,15,000க்கு மேல் 63,700. வரி தனி. கொட்டேஷன் தொகையில் பாதிக்கு மேல், கொட்டேஷனுக்கு வெளியே கூடுதலாகப் போயிருக்கிறது, அதில் டீம் ஏமாற்றியது என்று ஒரு ரூபாய்கூடச் சொல்ல முடியாது.

கண்காட்சியில் வீடியோ நாள் முழுக்க ஓடியது. மெஷின் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை, விலையைத்தான் கேட்டார்கள். போன வாரம் அப்பா, புதுப் பை வரிசைக்கு ஒரு சின்ன வீடியோ எடுக்கலாமா என்றார். நான் வேலூருக்குப் போன் போடப் போனேன். "இருடா" என்று நிறுத்திவிட்டு, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு எந்த வாரம் லைனில் வேலை கம்மி என்று கேட்டார்.