டிசைன் முடித்த கையோடு வேலைக்கா, சொந்தமாகவா?

மே, ஜூன் வந்தால் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் துணி டிசைன் படிப்பு முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: அக்கா, கம்பெனிக்குப் போகட்டுமா, சொந்தமாகவே பார்ட்டி பிடித்துச் செய்யட்டுமா? என் பதில் தெளிவானது. முதலில் வேலைக்குப் போங்கள், அதுவும் சாம்பிளும் பிரிண்டிங்கும் ஒரே காம்பவுண்டுக்குள் நடக்கிற கம்பெனியாகப் பார்த்து.

நம்ம ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். "எத்தனை நாளைக்கு இன்னொருத்தர்கிட்ட கை கட்டி நிக்கறது கண்ணு?" என்று கேட்கிற அப்பாக்கள் இங்கே நிறைய. தறி, பனியன், கிரைண்டர், பவுண்டரி என்று ஏதாவது ஒன்றைச் சொந்தமாக நடத்துகிறவர் எல்லார் உறவிலும் ஒருவர் இருப்பார், கல்யாணப் பந்தியில் அவர் கதை வராமல் இருக்காது. ஆனால் அந்தக் கதையின் முதல் பாதியை யாரும் சொல்வதில்லை. திருப்பூரில் டெய்லராகவோ கட்டிங் மாஸ்டராகவோ வருஷக்கணக்கில் இருந்தவர்கள், நாலு மெஷின் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து தருகிற ஜாப் ஒர்க் எடுத்து, அப்புறம் கம்பெனி வைத்தார்கள். அந்த நாலு மெஷினுக்கு முன்னாலேயே யாரிடம் துணி நன்றாக இருக்கும், எந்தப் பார்ட்டி சனிக்கிழமை கூலிக்குச் சரியாகக் காசு தருவார், யார் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. லேப்டாப்பும் இன்ஸ்டாகிராம் பக்கமும் மட்டும் வைத்துக்கொண்டு இறங்குகிற பிள்ளைக்கு அது தெரியாது.

தொழிலும் அப்படித்தான். காலேஜில் எட்டு கலரில் துணி முழுக்க வருகிற ஆல்ஓவர் பிரிண்ட் வரைந்து நல்ல மார்க் வாங்கியிருப்பீர்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், எட்டு கலருக்கு எட்டு, அந்தச் செலவு பீஸ் விலையில் போய் உட்காரும். ஆர்டர் தருகிற பையர் சொன்ன விலைக்குள் நிற்க வேண்டுமானால் அதே டிசைனை அழகு கெடாமல் நாலு கலருக்குக் கொண்டுவரத் தெரிய வேண்டும். உருளை மாதிரி இருக்கிற ரோட்டரி ஸ்கிரீனின் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ., அதனால் ரிபீட், அதாவது டிசைன் மறுபடி ஆரம்பிக்கிற நீளம், 64 அல்லது 32 அல்லது 16 என்று அதில் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். 30 செ.மீ. போட்டுக் கொடுத்தால் மறுபடியும் வரைய வேண்டியதுதான். கம்ப்யூட்டர் திரையில் பார்த்த பச்சை காட்டனில் ஒரு மாதிரி வரும், பாலியஸ்டர் கலந்த துணியில் வேறு மாதிரி வரும், கலர் பார்க்க அனுப்புகிற துணித் துண்டான லேப் டிப் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும்போது, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் காரணம் புரியும். "இந்தக் கோடு இவ்வளவு மெல்லிசா இருந்தா பிடிக்காது அம்மிணி" என்று பிரிண்டிங் மாஸ்டர் ஸ்கிரீனைத் தூக்கிக் காட்டிச் சொல்கிற பாடத்துக்கு நீங்கள் ஃபீஸ் கட்டவில்லை, சம்பளம் வாங்குகிறீர்கள்!

சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான், மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் பி.எஃப். 12 சதவீதம் என்றால் கம்பெனியும் அதே 12 சதவீதம் போட வேண்டும், சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, உங்களையே நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் பிடித்தம் செய்யாமல் முழுசாகக் கையில் தருகிறோம் என்று சொல்கிற இடத்தில் சேர வேண்டாம்.

சொந்தமாகச் செய்வதில் எனக்கு வருத்தம் தருவது பேமென்ட்தான். டிசைனை அனுப்பிவிடுவீர்கள். சாம்பிள் அப்ரூவல் ஆகட்டும் என்பார்கள், அப்புறம் ஆர்டர் வரட்டும், ஷிப்மென்ட் போகட்டும், தீபாவளி முடியட்டும். நல்ல திறமையுள்ள பிள்ளைகள் இந்த இழுவையிலேயே வெறுத்துப்போய்த் தொழிலை விடுவதைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம். அதைச் செய்துவிட்டால் 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியும் சேரும். ஆனால் முதல் வருஷத்தில் சட்டம் பேசினால் அடுத்த வேலை வராது என்ற பயம் நியாயமான பயம். அதனால் பாதி அட்வான்ஸ் வாங்குங்கள், மீதி வருகிற வரை சின்ன சைஸ் படத்தை மட்டும் காட்டுங்கள், ஸ்கிரீன் செய்யக் கலர் கலராகப் பிரித்த செபரேஷன் ஃபைலைக் கொடுக்காதீர்கள். எந்தப் பார்ட்டியிடம் இதைக்கூடக் கேட்கத் தேவையில்லை, எந்தப் பார்ட்டி பக்கமே போகக் கூடாது என்பதை ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் நாலு பேரிடம் நன்றாகப் பழகினாலே தெரிந்துகொள்ளலாம்.

வீட்டிலேயே பிரிண்டிங் யூனிட்டோ தறியோ இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது பொருந்தாது, அவர்கள் அந்தப் பாடத்தில்தான் வளர்ந்தார்கள்.

சேரும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். பிரிண்டிங்குக்கும் சாம்பிள் செக்ஷனுக்கும் போக விடுவார்களா? வரைந்ததை போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையில் இருக்கும்போது கம்பெனிக்காக வரைந்தது 1957 பதிப்புரிமைச் சட்டப்படி கம்பெனிக்குத்தான் சொந்தம், அதனால் அனுமதியை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. முதல் கேள்விக்கு டிசைன் ரூமைவிட்டு வெளியே வர வேலை இருக்காது என்று பதில் வந்தால், சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் சின்ன கம்பெனியைத் தேடுங்கள்.

கம்பெனி ஒத்துக்கொண்டால், அவர்கள் தொழிலோடு மோதாத சின்ன வேலைகளை ஞாயிற்றுக்கிழமையில் எடுங்கள். பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு லேபிள், ஈரோட்டு மஞ்சள்தூளுக்கு ஒரு பாக்கெட், அந்த மாதிரி. கொட்டேஷன் எழுதுவது, பில் போடுவது, போன் பண்ணிக் காசு கேட்பது எல்லாம் அதில் பழகும். அந்த வேலைகள் ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்காமல் போய், கையில் ஆறு மாசச் செலவுக்குப் பணமும் சேர்ந்த பிறகு, அப்பா கேட்ட கேள்விக்குச் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வாங்க.