ஏழு மணிக்குள் பிள்ளையை அழைத்து வர வேண்டுமா?

சிங்கப்பூரில் முழுநாள் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் வழக்கமாக இரவு ஏழுக்கு மூடிவிடும். கூட்டம் ஆறரை வரை இழுத்தால் அன்றைய பதற்றம் முழுவதும் பிள்ளை மீதுதான் இறங்கும். அதற்கு நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை, அதாவது வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்வதை, முறைப்படி கேளுங்கள். தகுதிகாண் காலத்தை முடித்த எவரும் கேட்கலாம். இதற்காக அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன.

பலர் சறுக்குவது இங்கேதான்: வாய்மொழியாகக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். எழுத்தில் கொடுங்கள். தேதி, என்ன ஏற்பாடு, வாரத்தில் எத்தனை நாள், எப்போதிலிருந்து எப்போது வரை, காரணம் எல்லாம் இருக்கட்டும். "கொஞ்சம் சீக்கிரம் போகணும்" என்பதை மறுப்பது சுலபம். "செவ்வாய், வியாழன் காலை எட்டுக்கு வந்து ஐந்துக்குக் கிளம்புகிறேன், மாலை அழைப்புகளை மறுநாள் காலையே முடித்துவிடுவேன்" என்றால் மேலாளர் யோசிப்பார்.

முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். சம்மதித்தே ஆக வேண்டும் என்றில்லை; ஆனால் மறுப்புக்குச் செலவு, உற்பத்தித்திறன் போன்ற தொழில் காரணம் வேண்டும். "இங்கே அப்படி வழக்கமில்லை" என்பது காரணமே ஆகாது.

பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமகப் பிள்ளை இருந்தால், மூன்று மாதம் வேலை செய்த பெற்றோருக்கு ஆண்டுக்கு 6 நாள் வரை. அப்பாவுக்கும் உண்டு. மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.