ஆர்ல் நகரத்துக் காசுகள்: ஊர்ப்பெயரை வைத்து ஆண்டைப் பிடித்தல்

தெற்குப் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் உள்ள ஆர்ல் நகரில் அடித்த ரோமானியச் செப்புக்காசுகளைப் பிரிக்க மன்னர் தலையை விட ஊர்ப்பெயர்தான் உதவுகிறது. பின்புறம் அடிக்கோட்டுக்குக் கீழே இருக்கும் அக்கசாலைக் குறியை, அதாவது காசு அடித்த சாலையின் குறியைப் பாருங்கள். 313இல் ஒஸ்தியாவிலிருந்து அக்கசாலை இங்கே வந்தபோது ஊரின் பெயர் அரெலாத்தே, குறி லத்தீன் எழுத்தில் ‘ஏஆர்எல்’. 328இல் ஊர் கான்ஸ்டன்டினா ஆனதும் ‘சிஓஎன்எஸ்டி’. 340இல் இரண்டாம் கான்ஸ்டன்டைன் தம்பியின் படையோடு மோதி மாண்டதும் மறுபடி ‘ஏஆர்எல்’. 353இல் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் ஊரைப் பிடித்த பின் ‘சிஓஎன்’.

மண் ஒட்டிய காசை வாலைவடிநீரில் ஊறப் போட்டு, வாரம் ஒரு முறை நீரை மாற்றி, மென்மையான பல்துலக்கியால் தேய்த்தோம். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரம்தான் எழுத்து தலைகாட்டியது. இடுக்கு மண்ணுக்கு மூங்கில் பல்குச்சி போதும், ஊசி வேண்டாம். பித்தளைப் பாத்திரம் போலப் புளி போட்டால் பச்சைப் படலம் கரைந்து, அதோடு எழுத்தும் போய்விடும். குழாய்நீரின் குளோரைடும் ஆகாது. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது வெண்கல நோய், குளோரைடு உலோகத்தை அரிப்பது. அந்தக் காசை உடனே தனியே எடுத்துவையுங்கள்.

படிக்கும்போது பத்து மடங்கு உருப்பெருக்கி வையுங்கள், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்துங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும்.

பெரிய தவறு நடப்பது ‘சிஓஎன்எஸ்’ என்ற நான்கெழுத்தில். கான்ஸ்டான்டினோபிள் காசிலும் அதுவே இருக்கிறது. அங்கே அக்கசாலைக்குள் காசை அடித்த பட்டறையின் எண் காமா, டெல்டா போன்ற கிரேக்க எழுத்தாகப் பின்னால் வரும். ஆர்லில் ‘பி’ அல்லது ‘எஸ்’ முன்னால் நிற்கும், முதல் பட்டறை, இரண்டாம் பட்டறை என்று பொருள். அச்சு விலகி விழுந்து கடைசி ‘டி’ வெட்டுப்பட்ட காசில் இந்த முன்னெழுத்து ஒன்றே சாட்சி. அதுவும் இல்லையென்றால் ஊரை முடிவு செய்யாமல் விடுவதே நேர்மை.

இரு வீரர் காசுகளில் நடுவே இரண்டு கொடிக்கம்பம் என்றால் 330 முதல் 335 வரை, எடை சுமார் 2.5 கிராம். ஒரே கம்பம் என்றால் 335க்குப் பிறகு, எடையும் குறைவு. அந்த ஒற்றைக் கம்பத்தின் கீழே ‘பிஏஆர்எல்’ இருந்தால் 340க்குப் பின் அடித்தது. ஒரே படம், ஒரே ஊர், பெயர் மட்டும் மாறியிருக்கும். இந்த வகையைத் தனி உறையில் போட்டிருக்கிறோம். குதிரைவீரன் விழும் படம் கொண்ட ‘சிஓஎன்’ காசுகள் இன்னும் ஊறுகின்றன.