கழற்றிய கெப்பாசிட்டருக்கும் ஓர் இடம்

சென்ற ஆண்டு கத்திரி வெயில் நாள் ஒன்றில், வேளச்சேரி அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஓடாமல் நின்றுவிட்ட ஒன்றரை டன் ஏ.சி.க்கு, கம்ப்ரசர் மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரை மாற்றினேன். மாற்றிய பிறகும் கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றதே தவிர, ஓடவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் கம்ப்ரசரே போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தபோது ஏதோ உறுத்தியது. நான் பொருத்திய கெப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்தேன். 45 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்த அது 19 காட்டியது. முந்தைய நாள் அடையாற்றில் நானே கழற்றி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியில் போட்டுவைத்த பழைய கெப்பாசிட்டர் அது.

கம்ப்ரசர் மாற்றுவது பல ஆயிரம் ரூபாய் வேலை. அந்த அம்மா என்னை நம்பிச் சரி என்று சொல்லியிருப்பார். அன்று இரவே வண்டியில் இருந்த எல்லாவற்றையும் வீட்டு வாசலில் இறக்கிப் பரப்பினேன்.

என்னுடையது ஈகோ வேன். அதற்கு முன்பு ஆம்னி வைத்திருந்தேன். இரண்டிலுமே சாமான்களை ரிச்சி தெருக் கடைகளில் இருப்பதைப் போல, கம்பெனி வாரியாக அடுக்கிவைத்திருந்தேன். கடைக்காரருக்கு அது சரி. அவரிடம் புதிய பொருள் மட்டும்தான் இருக்கிறது, வெளியே போனது திரும்பி வருவதில்லை. என் வண்டியிலோ நாள்தோறும் புதியது இறங்குகிறது, பழையது ஏறுகிறது. பழையதை அங்கேயே எறிந்துவிடவும் முடியாது. சில வீடுகளில் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள், சில பாகங்களை வாரண்டிக்காகக் கம்பெனியிடம் திருப்பித் தர வேண்டும், செம்பும் பித்தளையும் காயலான் கடையில் காசாகும். ஆகவே முதலில் பிரிக்க வேண்டியது கம்பெனியை அல்ல, புதியதையும் பழையதையும்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மூடியுள்ள சிவப்பு டப்பா ஒன்று இருக்கிறது. கழற்றியது எதுவானாலும் அதற்குள் மட்டுமே போகும். கெப்பாசிட்டராக இருந்தால், மின்சாரத்தை வெளியேற்றிவிட்டுக் கழற்றிய அந்த நிமிடமே, அதன் தகட்டு முனைகளைப் பிளையரால் மடக்கிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவசரத்தில் யார் கையில் எடுத்தாலும் ஒயர் சொருகாது. மார்க்கரால் குறுக்குக் கோடு போடும் பழக்கத்தையும் முயன்று பார்த்தேன். வியர்வைக் கை பட்டால் அது அழிந்துவிடுகிறது.

புதிய கெப்பாசிட்டர்களை மதிப்பு வாரியாக வைக்கிறேன். மின்விசிறிக்கான 2.5, 4, 6 ஆகியவை ஒரு தட்டிலும், கம்ப்ரசருக்கான 36, 45, 50 ஆகியவை அடுத்த தட்டிலும் இருக்கின்றன. (பழைய எலக்ட்ரீசியன்கள் கெப்பாசிட்டரையும் கண்டன்சர் என்றே சொல்வார்கள். ஏ.சி. வேலையில் கண்டன்சர் என்றால் வெளியே இருக்கும் காயில். உதவிக்கு வந்த தம்பி இந்தக் குழப்பத்தில் முதல் வாரம் முழுவதும் மாடி ஏறி இறங்கினார்.) புதியதையும் படி ஏறுவதற்கு முன் கீழேயே அளந்துவிட வேண்டும். ஐந்து சதவீத வித்தியாசம் வரை அனுமதி என்று எழுதியிருக்கும் 36, மீட்டரில் 34.2 முதல் 37.8 வரை எது காட்டினாலும் சரி. அதற்குக் கீழே போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வெப்பநிலையை அறியும் சென்சார்தான் உண்மையான தொல்லை. மின்தடை 5 கிலோ ஓம், 10 கிலோ ஓம் உள்ளவை இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிக் கறுப்பு ஒயரும் சிறு முனையுமாக இருக்கும். தவிர, அந்த மதிப்பு 25 டிகிரியில்தான் பொருந்தும். நம் ஊர் வெயிலில், 35 டிகிரியில், 10 என்று வாங்கியது சுமார் ஆறரைதான் காட்டும். 5 என்று வாங்கியது மூன்றேகால் காட்டும். இது தெரியாமல் நல்ல சென்சாரைக் கெட்டது என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். அதனால் கவரிலிருந்து பிரித்த உடனேயே ஒயரில் டேப் சுற்றி மதிப்பை எழுதிவிடுகிறேன். செம்புக் குழாய்களை இணைக்கும் பிளேர் நட்டுகளில் இந்தச் சிக்கலே இல்லை. கால் அங்குலம், மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), அரை அங்குலம், ஐந்து நூல் என்று நான்கு டப்பாக்கள் போதும்.

எந்தத் தட்டு மேலே, எந்தத் தட்டு கீழே என்பதை மழை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற வண்டிக்குள் தண்ணீர் ஏறி, தரையோடு வைத்திருந்த மூன்று பி.சி.பி.க்கள், அதாவது ஏ.சி.யை இயக்கும் மின்னணு போர்டுகள், வீணாயின. இப்போது போர்டுகள் மேல் தட்டில், காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கின்றன. கீழே டிரெயின் பைப்பும் இன்சுலேஷனும் மட்டும்தான். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் அடிக்கடி போவதால், உப்புக் காற்றுக்குப் பயந்து இரும்புப் பெட்டிகளையும் விட்டுவிட்டேன். ஏ.சி.யில் நிரப்பும் ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய வாயு என்பதால் அந்தச் சிலிண்டர் வேலை உள்ள நாளில் மட்டும் ஏறும். நிமிர்த்திக் கட்டியே வரும். மே மாதத்தில் மூடிய வண்டிக்குள் அதை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவதில்லை.

இரவில் வண்டியை நிறுத்தியதும் சிவப்பு டப்பாவைத் திறந்து எண்ணுகிறோம். மூன்று கெப்பாசிட்டர் உள்ளே கிடந்தால், மேல் தட்டுகளில் மூன்று குறைந்திருக்க வேண்டும். மறுநாள் வாங்க வேண்டிய பட்டியலும் அதுதான். நேற்று டப்பாவில் நான்கு இருந்தன, தட்டில் மூன்றுதான் குறைந்திருந்தன. நான்காவதைத் தம்பி தன் சட்டைப் பையிலிருந்த புதியதைப் போட்டு மாற்றியிருக்கிறார். சட்டைப் பைக்கு நான் இன்னும் விதி எதுவும் எழுதவில்லை.