வடிவம் ஓரிடம், மேற்பரப்பு ஓரிடம்: மூளை ஸ்கேன் ஆய்வில் பங்கேற்ற அனுபவம்

கனடாவில் மேற்படிப்புப் படித்த காலத்தில், எஃப்எம்ஆர்ஐ (வேலை செய்யும் மூளையைக் காந்தத்தின் உதவியால் படமெடுக்கும் ஸ்கேன்) ஆய்வு ஒன்றுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்துப் பெயர் கொடுத்தேன். கண்ணில் படும் ஒரு பொருளின் வடிவத்தையும் மேற்பரப்பையும் மூளை எப்படிப் பிரித்தறிகிறது என்பதுதான் ஆய்வு. எனக்கும் அந்தத் துறைக்கும் தொடர்பில்லை. ஆனால் ஜவுளிக் கடையில் துணியைத் தொடாமலே இது பட்டு, இது கலப்பு என்று சொல்லிவிடும் அம்மாவிடம் வளர்ந்தவள் நான். அந்தத் திறமை தலைக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆசை.

பலர் கேட்பதால் முன்னேற்பாட்டை விரிவாகவே சொல்கிறேன். அந்த ஸ்கேனரின் காந்தம் 3 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறக்குறைய 60,000 மடங்கு. ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அது அணைவதில்லை. அதனால் படிவத்தில் கேள்விகள் நீள்கின்றன: இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, அறுவை சிகிச்சையில் வைத்த கிளிப் உண்டா, பட்டறை வேலையில் கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா. எதையும் மறைக்கக் கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டேன். மெட்டி சுலபமாக வந்துவிட்டது. மூக்குத்திதான் பாடாய்ப் படுத்தியது. கல்யாணத்துக்கு முன்பு போட்டது. திருகாணி இறுகிக் கிடந்தது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும், தலைக்கருகே எந்த உலோகம் இருந்தாலும் படம் கெடலாம் என்பதால் விலக்குக் கிடையாது. முதல் நாள் இரவே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, மெல்லத் திருகி எடுத்தேன். சில கண் மைகளில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும் என்பதால் மையும் இட்டுக்கொள்ளவில்லை.

காதில் அடைப்பான், தலைக்கு இருபுறமும் பஞ்சு மெத்தை, முகத்துக்கு மேல் கூண்டு போன்ற கருவி, அதில் சாய்வாக ஒரு கண்ணாடி. பின்னால் இருக்கும் திரை அந்தக் கண்ணாடியில் தெரியும். ஒரு கையில் பொத்தான், மறு கையில் ரப்பர் குமிழ். பயம் வந்தால் குமிழை அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். சத்தம் கடுமைதான், சில நிமிடங்களில் பழகிவிடுகிறது. அசையாமல் இருப்பதுதான் உண்மையான வேலை. தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட அந்தச் சுற்று வீணாகலாம்.

முதல் சுற்றில் நாற்காலி, குடை, செருப்பு என்று படங்கள் வந்தன. பிறகு அதே படங்கள் சிறு கட்டங்களாக வெட்டிக் கலைக்கப்பட்டு வந்தன. நிறமும் வெளிச்சமும் அவையேதான். பொருள் மட்டும் காணாமல் போயிருந்தது. ஒரே படம் அடுத்தடுத்து வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். இடையிடையே வெற்றுத் திரை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே இரத்த ஓட்டம் உச்சத்தை எட்ட 5, 6 விநாடிகள் ஆகும். கருவி அளப்பது அந்த இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைத்தான். 1990-இல் செய்ஜி ஒகாவா கண்டறிந்த வழி இது.

இரண்டாம் சுற்று என்னை அசர வைத்தது. பெயரே சொல்ல முடியாத கணினி உருவங்கள். அவற்றின்மேல் மரப்பட்டை, கல், உலோகத் தகடு போன்ற மேற்பரப்புகள். சில நேரம் வடிவத்தைக் கவனி என்று திரை சொன்னது, சில நேரம் எதனால் ஆனது என்று கவனிக்கச் சொன்னது. கண்ணில் விழுந்த படங்கள் மாறவே இல்லை. வடிவத்தைத் தேடியபோது வளைவும் விளிம்பும் மட்டுமே எனக்குத் தெரிந்தன. அடுத்த கட்டளை வந்ததும் விளிம்பு பின்னுக்குப் போய், பட்டையின் வெடிப்புகளும் தகட்டின் மினுமினுப்பும் முன்னே வந்தன.

சில வாரங்கள் கழித்து என் மூளையின் வரைபடத்தைக் காட்டினார்கள். அதில் தெரியும் ஆரஞ்சு நிறம் மூளையில் எரியும் விளக்கு அல்ல, இரு வகைச் சுற்றுகளுக்கிடையே புள்ளியியல் கணக்கில் தேறிய வேறுபாடு என்பதை முதலிலேயே விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. வடிவத்துக்கான திட்டு, பின்தலையின் பக்கவாட்டில் இருந்தது. முழுப் பொருள்களுக்குக் கூடுதலாகத் துலங்கும் இடம் என்று ரஃபேல் மலாக்கின் குழு 1995-இல் காட்டிய பகுதி அது. மேற்பரப்புக்கானது மூளையின் அடிப்பக்கத்தில், உள்நோக்கி, ஒரு மடிப்பை ஒட்டி இருந்தது. ஜோனதன் காண்ட், மெல்வின் குடேல் இருவரும் 2007-இல் கண்ட பிரிவினையும் இதுவே.

டி.எஃப். என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் பெண்ணைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். 1988-இல் குளியலறையின் கேஸ் ஹீட்டர் கசியவிட்ட கார்பன் மோனாக்சைடால் அவருடைய அந்தப் பக்கவாட்டுப் பகுதி இரு பக்கமும் பழுதானது. (நம் வீடுகளிலும் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்கிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.) ஒரு டார்ச்சைக் காட்டினால் உலோகம், சிவப்புப் பிளாஸ்டிக் என்று சரியாகச் சொல்வார்; அது டார்ச் என்பது தெரியாது. எம்.எஸ். என்று குறிப்பிடப்படும் இன்னொரு நோயாளிக்கு நேர்மாறு: வடிவம் பிடிபடும், மேற்பரப்பின் தன்மை பிடிபடாது. 2010-இல் வெளியான ஆய்வு இருவரையும் ஒப்பிட்டது. ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று என்ன வேண்டும்?

இரண்டு திட்டுகளையும் குறித்த அச்சுப்படி ஒன்றை வாங்கி, விளக்கத்தைத் தமிழில் எழுதி அம்மாவுக்கு அனுப்பினேன். பட்டின் பளபளப்பில் கலப்படம் எப்படித் தெரிகிறது என்று அவர் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினார். அதை மொழிபெயர்த்து ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறேன்.