வதைக் காட்சியில் எதை எழுதுவது?

வரலாற்றுப் புதினங்களில் சித்திரவதைக் காட்சிகள் பக்கம் பக்கமாக நீளும்போதெல்லாம், ‘அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது’ என்ற சமாதானம் தயாராக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் நடந்த எத்தனையோ விஷயங்களைத் தொடாமல் விட்டுவிட்டு இதை மட்டும் விரித்து எழுதுவது எழுத்தாளரே எடுக்கும் முடிவு. காலத்தின் மீது பழியைப் போட முடியாது. போதாக்குறைக்கு, இடைக்காலக் கொடூரத்தின் அடையாளமாகக் கதைகளில் வரும், உள்ளே முட்கள் பதித்த ‘இரும்புக் கன்னி’ப் பெட்டி அக்காலத்தில் புழங்கியதற்குச் சான்றே இல்லை.

நடந்ததை அனுபவித்தவர் எப்படி எழுதினார் என்று பார்க்கலாம். ஜெர்மனியின் பாம்பெர்க் நகர மேயராக இருந்து, சூனியக் குற்றம் சாட்டப்பட்ட யோகான்னஸ் யூனியுஸ் 1628 ஜூலையில் சிறையிலிருந்து மகளுக்கு ரகசியமாக அனுப்பிய கடிதம் இன்றும் இருக்கிறது. கட்டைவிரல்களை நெரிக்கும் திருகியால் நகக்கண்களில் ரத்தம் பீறிட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நான்கு வாரங்களாகக் கைகள் வழங்கவில்லை என்பது இந்த எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும் என்கிறார். வதைத்தவனே, எதையாவது இட்டுக்கட்டியாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்று அவரிடம் மன்றாடியிருக்கிறான். ஒப்புக்கொண்ட பிறகும் விடவில்லை. சந்தையில் தொடங்கித் தெருத்தெருவாக யார் யாரைச் சூனியக்காரர்களின் கூட்டத்தில் கண்டாய் என்று கேட்டுப் பெயர்களைப் பிடுங்கினார்கள். அவர்மீது சாட்சி சொன்ன ஆறு பேரும் அதே வகையில் வற்புறுத்தப்பட்டவர்கள்தாம் என்றும், சாவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்றும் எழுதுகிறார்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் புதினம் எழுத உட்கார்ந்தால், திருகி எத்தனை முறை சுற்றப்பட்டது என்பதற்கா, அண்டை வீட்டாரின் பெயரைச் சொல்ல நேர்ந்த மனிதனின் வாய்க்கா, எதற்கு அதிக இடம் தருவார்? முதலாவதில் வாசகர் வேடிக்கை பார்ப்பவராகிறார், சில சமயம் (ஒப்புக்கொள்ளத்தான் சங்கடம்) ரசிப்பவராகவும் ஆகிறார். இரண்டாவதில் அந்த அமைப்பு எப்படி இயங்கியது என்பது புரிகிறது.

அதற்காகத் திரையைப் போட்டு மூடிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. கதவு சாத்தப்பட்டது, மறுநாள் அவர் ஒப்புக்கொண்டார் என்று எழுதிக் கடந்துபோவது, அந்த வாக்குமூலத்தைப் பதிவேட்டில் ஏற்றிய எழுத்தரின் வேலையைத்தான் மறுபடி செய்கிறது. நாயகனுக்குக் கோபம் மூட்டுவதற்காகவே பெயரில்லாத ஒருவரை வதைத்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் அவரை மறந்துபோகும் புதினங்களோ இதைவிடவும் மோசம்.